பெயர் சொல்லாத ஜெபம்

ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

நேற்று போனில் நீங்கள் "ஹலோ, ஹலோ, இருக்கியா இல்லையா?" என்று கத்திக்கொண்டே இருந்தீர்கள். நான் இருந்தேன். தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது வைத்த பிறகுதான் உறைத்தது. ஆகவே நீங்கள் சொன்னபடி எழுதுகிறேன். எழுதினால் எனக்கு மூச்சு முட்டுவதில்லை.

நீங்கள் கல்யாணமாகிப் போன பிறகு இன்றுதான் சர்ச்சில் முதல் ஞாயிறு வகுப்பு. போதகர் ஐயா என்னை அறை வாசல் வரை கொண்டுவந்து, "உங்க அக்காவுக்குப் பதிலா இனிமே இவங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற ஒன்பது பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் டிரம்ஸ் மேல் போர்த்தியிருக்கும் பழைய போர்வையைப் பார்த்தேன். 'ரெண்டுங்கெட்டான் வகுப்பு' என்று நீங்கள் வைத்த பெயர் சரிதான். சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டிப் பாடச் சொன்னால் வெட்கப்படுகிறார்கள். பெரியவர்கள் மாதிரி ஐந்து நிமிடம் சும்மா இருக்கச் சொன்னால் நாற்காலியைச் சாய்த்து விழுகிறார்கள்.

முதல் கேள்வி, வாயே மூடாததால் நீங்கள் ரேடியோ என்று கூப்பிடும் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடமிருந்துதான் வந்தது.

"பூச்சிக்கா, நீங்க எந்த ஸ்கூல்?"

"இப்ப போகல."

"எது வரைக்கும் படிச்சீங்க?"

பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. "எட்டு" என்றேன்.

"ஐயோ, நானும் எட்டு! அப்ப நீங்க என் க்ளாஸ்மேட்டு. பரவால்ல, பரீட்சையில நான் காட்டுறேன், பாத்து எழுதிக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காது மட்டும் சுட்டது. அப்பா படுக்கையில் விழுந்த வருடம் நான் பள்ளியை விட்டு நின்றதை இதுவரை யாரும் இவ்வளவு சுலபமாகக் கடந்து போனதில்லை.

ஜெபக் குறிப்பு கேட்டேன். நீங்கள் கேட்பது போலவே, வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒன்று. பாதிப் பேருக்குப் பரீட்சை. நெட்டையாக வளர்ந்துவிட்ட அந்த ஒட்டகம் மட்டும், "கணக்கு டீச்சருக்குத் தூரமா ஒரு ஊருக்கு மாத்தல் கிடைக்கணும், அவங்க நல்லா இருக்கணும்" என்றான்.

கடைசியில் நான் ஜெபிக்க வேண்டும். எனக்கு வாயில் வராது என்று தெரிந்து, பேக்கரியில் பன் சுற்றுகிற தாளில் முதலிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தேன். எல்லாரும் கண்ணை மூடியதும் மடியில் வைத்துப் படித்தேன். பாதியில் நிமிர்ந்தால் ரேடியோ கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளியே போய் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

வடிவம் கெட்ட பன்களைப் பேக்கரியில் எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள் அல்லவா, அவற்றைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ரேடியோ இரண்டு எடுத்து ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தம்பிக்கு என்று நினைத்தேன். அவளுக்குத் தம்பி இல்லையாம். கண்டிக்கலாமா?

பூச்சி

ஜனவரி 21

என் வாயில்லாப் பூச்சிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், அடுப்பில் பால் பொங்கிக் கொட்டிவிட்டது. துடைக்கும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தேன். இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. உன் அத்தான் காலையில் ஆஸ்பத்திரி லேபுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார். மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் தெரியும். அவற்றோடு பேசலாம். பதில் சொல்லாது. உன்னோடு பேசிப் பழகியதால் எனக்கு அது புதிதில்லை.

கண்ணைத் திறந்துகொண்டு ஜெபத்தைப் படித்தாயா! படி. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் ஜெபக் குறிப்பு கேட்பதை மட்டும் எந்த வாரமும் விட்டுவிடாதே. அதுதான் அந்த வகுப்புக்கு உயிர். பாடத்தை அவர்கள் வாசல்படி தாண்டியதும் மறந்துவிடுவார்கள். "உனக்கு என்ன வேணும்" என்று ஒருத்தர் கேட்டதை மறக்கமாட்டார்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. அது உனக்குக் கைவந்த கலை.

பன் விஷயத்துக்கு ரேடியோவைக் கண்டிக்காதே. யாருக்கு என்று கேள்.

இங்கே புதன்கிழமைதோறும் பெண்கள் ஜெபக் குழு கூடுகிறது. எல்லாரும் பல வருடப் பழக்கம். ஒருவர் "என் மருமகளுக்காக" என்பார், உடனே நாலு பேர் "அந்த விஷயம் இன்னும் முடியலையா?" என்பார்கள். நான் போய் உட்கார்ந்தால் ஒரு நாற்காலி கூடின மாதிரிதான். என் முறை வந்தால் "ஒண்ணுமில்லை" என்கிறேன். நான்! மைக் இல்லாமல் மூன்று தெருவுக்குக் கேட்கப் பேசினவள்!

சித்தப்பாவையும் சித்தியையும் பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அம்மா உங்கள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள், அவளே வந்து சொல்லலாம். சொல்லமாட்டாள்.

உன் அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாமோ என்று இருக்கிறது.

வகுப்பு முடிந்து நானும் ரேடியோவும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒருத்தர் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க எனக்கு வராது. நாற்காலியைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"ரெண்டாவது பன் யாருக்கு?"

"எனக்குத்தான். சாயங்காலம் பசிக்கும்."

நான் பேசாமல் இருந்தேன். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

"அம்மாவுக்கு" என்றாள்.

"நைட் டியூட்டிக்குக் கொண்டுபோவாங்களா?" அவள் அம்மா ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருக்கிறார், எப்போதும் நைட் டியூட்டி, அதனால்தான் சர்ச்சுக்கு வருவதில்லை என்றுதானே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள்.

"டியூட்டியெல்லாம் இல்ல பூச்சிக்கா. அப்பா செத்ததுல இருந்து வேலைக்கே போகல. படுத்தே இருக்காங்க. அழக்கூட மாட்டாங்க. சுவத்தைப் பாத்துட்டே இருப்பாங்க. நான் ஆக்கி வெச்சா அப்படியே இருக்கும். பன்னுன்னா மட்டும் ஓரத்தைப் பிச்சுப் பிச்சுச் சாப்பிடுறாங்க."

சொல்லிக்கொண்டே ஒரு நாற்காலியைத் தலைகீழாக அடுக்கிவிட்டாள். நான் திருப்பி வைத்தேன்.

"யாருக்கும் தெரியக் கூடாது. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்பா செத்தப்பவே கேட்டாங்க. அம்மா குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. இப்ப வந்து பாத்தா கேக்கவே மாட்டாங்க, தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அம்மாவுக்கு யாரு இருக்கா?"

"சொல்லமாட்டேன்."

"சத்தியம் பண்ணுங்க. இல்ல இல்ல, சத்தியம் பண்ணுனா பாவம். ப்ராமிஸ் பண்ணுங்க."

செய்தேன் அக்கா. உங்களிடம் சொல்வது அதில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒரு பெரிய ஆள் யாருக்காவது தெரிய வேண்டும், இல்லையா? போதகர் ஐயாவிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சபையே அவள் வீட்டு வாசலில் நிற்கும். அந்த அத்தை எங்கோ தூரத்து ஊரில் இருக்கிறாராம். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

என்ன செய்யட்டும்? உங்களிடம் மட்டும்தான் கேட்கிறேன்.

பூச்சி

பிப்ரவரி 20

என் பூச்சிக்கு,

படித்துவிட்டு அழுதேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை!

இது மனம் விழுந்துபோகிற நோய், மருந்து இருக்கிறது என்கிறார் உன் அத்தான். எப்படியாவது பேசி ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும். போதகரிடம் இப்போது வேண்டாம், நீ சொன்னது சரி. நீ அடிக்கடி அந்த வீட்டுப் பக்கம் போய் வா. பன் கொண்டு போ. நாங்கள் இங்கே ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்.

புதன்கிழமை என் முறை வந்தபோது, "ஒண்ணுமில்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. பயப்படாதே, பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ஒரு பிள்ளை என்றுதான் சொன்னேன். அப்பா இல்லாத பிள்ளை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அம்மாவுக்கு, வகுப்பில் தரும் பன்னைப் பைக்குள் ஒளித்து எடுத்துப்போகிற பிள்ளை என்று. அவ்வளவுதான் பூச்சி, அறையே அழுதது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "டியூட்டின்னு சொல்லிச் சமாளிக்குதாம்மா அந்தப் புள்ள? வாயாடிப் புள்ளையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவ்வளவு பாரம் அவருக்கு. முடிந்ததும் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று பேசினார்கள். வீட்டுக்கு வரச் சொன்னார்கள். இந்த ஊருக்கு வந்து முதன்முதலாக எனக்கென்று ஒருத்தர் நாற்காலி இழுத்துப் போட்டார்.

தைரியமாக இரு.

உன் அக்கா

மார்ச் 11

அக்கா,

உங்கள் கடிதத்தைப் பேக்கரியில் நின்று படித்தேன். அந்த அம்மா கேட்ட கேள்வியைப் படித்ததும், அவருக்கு ரேடியோவைத் தெரியும் என்று பட்டது. அன்றே எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. கடிதத்தைவிட பஸ் சீக்கிரம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ரேடியோ நின்றுகொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள், எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதவருகே ஒருவர் வந்து நின்றார். ரேடியோவுக்கு வார்த்தை பாதியில் நின்றது.

"இங்க பன் குடுக்குற டீச்சர் யாரும்மா?"

நான் எழுந்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் இவளோட அத்தை. பயப்படாதீங்க, நீங்க நல்லதுதான் செஞ்சிருக்கீங்க. உங்க அக்கா எங்க சபையில கண்ணீரோட ஜெபிச்சாங்க. கேக்கக் கேக்க எங்க அண்ணன் வீடு அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. கர்த்தரே எனக்குக் காட்டிக் குடுத்தாரு."

ரேடியோ என்னைப் பார்த்தாள். "காட்டிக் குடுத்தது கர்த்தர் இல்ல அத்தை" என்றாள். "இவங்க."

சத்தம்கூடப் போடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். அத்தை துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் அம்மா எழுந்து உட்கார்ந்து ரேடியோவுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தார். அவரை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சீவி முடித்துவிட்டு, அவிழ்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சீவினார். அத்தை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லவில்லை. காத்திருந்தார். அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.

வாசலைத் தாண்டும்போது ரேடியோ என் பக்கத்தில் நின்றாள். "நீங்க ஜெபத்தை எழுதி வெச்சுப் படிச்சதை நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். போய்விட்டாள்.

நீங்கள் பெயர் சொல்லவில்லை. தெரியும். அவளை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னீர்கள்.

மார்ச் 19

பூச்சி,

நீ கையெழுத்துக்கூடப் போடாமல் அனுப்பியதைப் பார்த்தேன். சரி. என் பக்கத்தையும் கேள்.

அந்த அத்தை அதே சபை என்று எனக்கு எப்படித் தெரியும்? உலகத்தில் எத்தனை ஊர், எத்தனை சபை! நான் ஊர்வம்பு பேசவில்லை. ஜெபத்தில் சொன்னேன். ஜெபத்தில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல். நீ அதை மூடி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பிள்ளை சமைத்து, துவைத்து, பொய் சொல்லி, தூங்காமல் கிடந்து, ஒரு நாள் அந்த அம்மா எழுந்திருக்காமலே போயிருந்தால்? ஒரு பன்னைக் கொடுத்துவிட்டு அதைத் தாங்குவாயா நீ? இப்போது அவள் வேளைக்குச் சாப்பிடுகிறாள், பள்ளிக்குப் போகிறாள். அவள் அழுகிறாள் என்பதற்காக அது கெடுதல் ஆகிவிடாது. இன்னும் நாலு வகுப்பு படித்திருந்தால் உனக்கு இது புரிந்திருக்கும்.

அக்கா

ஏப்ரல் 14

பூச்சி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போனில் கூப்பிட்டால் சித்தி எடுத்து, "அவ தலையாட்டுறா, வேண்டாங்குறா" என்கிறார்.

அந்தக் கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் கைவிட்டு எடுக்க முடியவில்லை.

இங்கேயும் ஒரு ரெண்டுங்கெட்டான் வகுப்பு இருக்கிறது. நடத்தியவர் வேலை மாறிப் போனதால் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவளும் வருகிறாள். அத்தை புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார், நல்ல பள்ளியில் சேர்த்திருக்கிறார், ஒரு சொல் கடிந்து பேசுவதில்லை. முதல் வாரம் நான் தெரியாத்தனமாக "ரேடியோ" என்று கூப்பிட்டுவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துப் பிள்ளைகள், "யாரு மிஸ் ரேடியோ?" என்று கேட்டார்கள்.

வாராவாரம் வட்டமாக உட்காரவைத்துக் கேட்கிறேன். அவள் முறை வரும். "ஒண்ணுமில்லை" என்பாள், மரியாதையாக. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தானே என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை பூச்சி. நான் சொல்ல எதுவும் இல்லாமல் சொன்னேன்.

அன்று பெயரைச் சொல்லாமல் சொன்னது அவளுக்காக இல்லை, அவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக என்று இப்போது தோன்றுகிறது. உன் அத்தானிடம்கூட இதைச் சொல்லவில்லை.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

மே 4

அக்கா,

ஓர் உதவி வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

ரேடியோ போன பிறகு தினமும் வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் நாள் கதவு தாழ் போடாமல்தான் இருந்தது. உள்ளே போய்ப் பன்னைக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். அவள் அம்மா சுவரைப் பார்த்தபடியே, "நீங்கதானா பன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு இல்லை. அவரும் பேசமாட்டார், எனக்கும் வராது. சேர்ந்து பேசாமல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது கஷ்டமாக இல்லை. அவருக்கும் இல்லை போலிருக்கிறது, மறுநாள் நான் உட்காரும் இடத்தில் கிடந்த துணிகளை எடுத்து வைத்திருந்தார்.

அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறேன், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஜன்னலில் இருந்தவர், "என்ன கம்ப்ளைண்ட்?" என்று கேட்டார். ஆன்ட்டி என்னைப் பார்த்தார். பின்னால் வரிசை நீளமாக நின்றது. நான்தான் சொன்னேன் அக்கா, சத்தமாக. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் கனமாக இருக்கிறது என்கிறார், ஆனால் எழுந்து குளிக்கிறார். மத்தியானம் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்.

நேற்று, "பஸ்ஸு எத்தனை மணிக்கு இருக்கு?" என்று கேட்டார். "போய் எம் புள்ளையைக் கூட்டிட்டு வரப்போறேன்."

வருகிற சனிக்கிழமை வருகிறார். உங்கள் ஊர் அவருக்குப் பழக்கமில்லை. நான் வரலாம் என்றால் பேக்கரியில் லீவு இல்லை. பஸ் நிலையத்தில் போய் நின்று, அத்தை வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். நீங்கள் யார் என்று அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டேன். "பரவால்ல" என்றார்.

வகுப்புக்கு இப்போது ஐந்து பேர்தான் வருகிறார்கள். ஜெபக் குறிப்பு கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல", "எனக்கும் ஒண்ணுமில்ல" என்று வட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஒட்டகம் மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொன்னான்: "எங்க வீட்டுல எல்லாரும் ரொம்ப நல்லா இருக்கோம் பூச்சிக்கா. இதை எந்த ஊருக்கு வேணாலும் சொல்லி அனுப்புங்க." அவன் அப்பாவுக்கு வேலை போனது தெருவுக்கே தெரியும். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். வகுப்பை விட்டுவிடுகிறேன் என்று போதகர் ஐயாவிடம் சொன்னேன். வேறு ஆள் இல்லை என்றார்.

பூச்சி

மே 17

பூச்சி,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்கூடச் சேர்க்காமல்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவரே என்னை அடையாளம் கண்டுகொண்டார். "உங்க தங்கச்சி சாடை இருக்கு" என்றார். இஸ்திரி போட்ட உடை, கையில் உன் பேக்கரிக் கவர். ஆட்டோவில் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "அப்புறம் பேசலாம்மா" என்று தடுத்துவிட்டார். சண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை. மனதுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் நடுவில் புகுந்துவிட்டேன்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு அவள் வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்து அம்மா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "தனியாவா வந்தீங்க? மாத்திரை போட்டீங்களா? யாரு குடுக்குறா?" என்று தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. இத்தனை வாரம் என் வகுப்பில் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளை அப்படிப் பேசினாள். பள்ளி, மேல் வீட்டுப் பாட்டு, அத்தையின் குறட்டை. அத்தைகூடச் சிரித்தார். பேசிப் பேசி அம்மா மடியில் தலை வைத்து அப்படியே தூங்கிவிட்டாள்.

நான் கைகழுவ உள்ளே போனேன். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பள்ளிப் பை இருந்தது. ஜிப் மூட முடியாத அளவுக்குத் துணிகள். மேலே புதுச் செருப்பு இல்லை, பழைய செருப்பு, கயிறு போட்டுக் கட்டி. அம்மா வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் கிளம்பிவிடத் தயாராக வைத்திருக்கிறாள்.

திரும்பி வந்தால் ஆன்ட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "நம்ம வீட்டுல இவ இப்படித் தூங்கி நான் பாத்ததில்ல" என்றார் மெதுவாக. "எனக்கு மூச்சு வருதான்னு எழுந்து எழுந்து வந்து மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாப்பா. நான் தூங்குற மாதிரி இருப்பேன்." தலையைத் தூக்கித் தலையணையில் வைத்தார். "எழுப்ப வேண்டாம்" என்றார். எழுந்துவிட்டார். பிள்ளையைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்ல வந்தவர், அதைச் சொல்லவே இல்லை.

பஸ் நிலையம் வரை என் வாயில் அந்தப் பைதான் இருந்தது. சொல்லவில்லை. பார்த்ததையெல்லாம் சொல்லித்தானே இவ்வளவும் ஆயிற்று, இந்தத் தடவையாவது வாயை மூடிக்கொள்வோம் என்று இருந்துவிட்டேன். பஸ் போன பிறகுதான் தோன்றியது. இதைச் சொல்லியிருக்க வேண்டுமோ?

அவள் எழுந்ததும் அம்மாவைத் தேடவில்லையாம். பையைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாளாம். அத்தை சொல்லி அழுதார்.

நீ போய் அந்த அம்மாவிடம் சொல். இல்லை, சொல்லாதே. எனக்குத் தெரியவில்லை பூச்சி. எப்போது சொல்ல வேண்டும், எப்போது சொல்லக் கூடாது என்பது உனக்குத்தான் தெரிகிறது.

அக்கா

மே 25

அன்புள்ள அக்கா,

எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பிப்ரவரியில் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். நீங்கள் ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் நான் உங்களுக்குச் சொன்னேன். அதை நான் இதுவரை எழுதவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே போனேன். வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவார்களா என்று கேட்க ஆன்ட்டி நர்சிங் ஹோம் வரை போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். காலைக்கூடக் கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படுக்கவில்லை.

நான் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். "ஆன்ட்டி, அவ கிளம்பி இருந்தா. கதவுக்குப் பின்னாடி பையைக் கட்டி வெச்சிருந்தா. நீங்க கூப்பிடுவீங்கன்னு."

அவர் ஒரு பதில் சொன்னார். சின்னப் பதில்தான். அதை உங்களுக்கு எழுதமாட்டேன். கோபத்தில் இல்லை அக்கா, கோபம் எப்போதோ போய்விட்டது. அது எனக்குச் சொன்னது.

ரேடியோ இப்போதைக்கு இங்கே வரமாட்டாள். அது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். அவளிடம் நீங்கள் எதையும் விளக்க வேண்டாம், அம்மா அன்று பஸ் ஏறும்போது எப்படி இருந்தார் என்றுகூட. அம்மாவே எழுதுவார், அல்லது எழுதமாட்டார். வகுப்பில் அவள் முறை வரும்போது காத்திருக்காதீர்கள். நீங்கள் காத்திருப்பது அவளுக்குத் தெரியும். அடுத்த பிள்ளையிடம் போய்விடுங்கள்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டு, இரண்டு பேருக்கும் டீ போட்டேன். சர்க்கரை டப்பாவைக் காணவில்லை. ஆன்ட்டியும் எழுந்து வந்து எல்லா அலமாரித் தட்டுகளிலும் தேடினார். அவருக்கும் தெரியவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

சர்க்கரை இல்லாமலே குடித்தோம்.

பூச்சி